வால் தப்பிய பாட்டு

என் புருஷன் வான்னெஸ், ஆய்வுக்கூடத்தில் குருவி மூளையை மெல்லிய சீவலாகச் சீவிச் சாயமேற்றுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உயிருள்ள குருவியைத் தூக்கிக்கொண்டு பந்தயத்துக்குப் போய்விடுவான். தெருவோரம் வரிசையாக மரப்பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் ஃபிஞ்ச் குருவி. பெட்டிக்கு முன்னால் குச்சியும் சாக்கட்டியுமாக ஓர் ஆள். பாட்டு ‘சுஸ்கேவீட்’ என்று முடிந்தால் குச்சியில் ஒரு கோடு. வேறு எப்படி முடிந்தாலும் கிடையாது. அதிகக் கோடு வாங்கிய குருவி ஜெயிக்கும். அந்தத் தெருவில் ஒரே ஒருமுறை ஜெயிக்க வேண்டும், வான்னெஸுக்கு வேறு ஆசையே இல்லை.

கடைசியில் டோர் கிடைத்தது. விடாமல் பாடும் குருவி. பாட்டு முடிகிற வால் மட்டும் தப்பு.

“உன் குருவி பிரெஞ்சு பேசுதுப்பா. மாமியார் வீட்டுச் சோறு தின்னுச்சோ?” என்றான் குச்சி வைத்திருந்த காஸ்தோன். தெருவே சிரித்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது உண்மை. டோர் குஞ்சாக இருந்தபோது என் அம்மா வீட்டுக் கூரையை மாற்ற, பிரெஞ்சு பேசும் லியேஜ் பக்கம் போயிருந்தோம். எங்கள் ஊரில் மனிதர் பேச்சும் வேறு, குருவிப் பாட்டின் வாலும் வேறு. வான்னெஸ் கூண்டை ஜன்னலில் மாட்டி, ‘சுஸ்கேவீட்’ பதிவை ஓடவிட்டுக் கூரையேறிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர்க் குருவிகள் பாடிக்கொண்டிருந்தன. ஒலிப்பெட்டி என்ன கத்தினாலும், உயிருள்ள பறவை எதிரே பாடினால்தான் குஞ்சின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து பாட்டு பதியும் என்று எனக்குச் சொன்னவனே அவன்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை.

பிறகு குளிர்காலம் முழுக்க டோரை, சரியான வாலோடு பாடும் காஸ்தோனின் குருவி பக்கத்திலேயே வைத்துப் பார்த்தான். வசந்தத்தில் அதே வால்.

“பாடுறப்போ தன் குரலைத் தானே கேக்கும். மண்டைல பதிஞ்ச பாட்டோட ஒத்துப்போகலைன்னா டோபமைன் சட்டுனு குறையும். அப்பதான் திருத்திக்கும்,” என்றான்.

“இதுக்குக் குறையலையா?”

“எப்படிக் குறையும்? கத்துக்கிட்டதை அச்சு அசலா பாடுது. அது கணக்குல தப்பே இல்ல.” காப்பிக் கோப்பையை நங்கென்று வைத்தான்.

பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் டோர் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பாடியது. காஸ்தோன்கூடச் சிரிக்கவில்லை. “தெருவுலயே இதுதான் அதிகம் பாடுச்சு. நான் என்னப்பா பண்றது,” என்று கோடே விழாத குச்சியை நீட்டினான்.

வீட்டுக்கு வந்தும் டோர் ஓயவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் வான்னெஸ், “சுஸ்கேவீட்டுடா, சுஸ்கேவீட்,” என்று பெட்டியோடு மல்லுக்கட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை.

“விடு வான்னெஸ்,” என்றேன், அவன் மொழியில்.

“‘விடு’வை அப்படி இழுக்கக் கூடாது,” என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. நான் வாயைத் திறந்தால் ஒரு திருத்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்குத் தினமும் குறையுது, தெரியுமா? உன் டோபமைன். வாயைத் திறக்கறப்பல்லாம் குறையுது. அந்தக் குருவி குடுத்து வெச்சது.”

டோர் மறுபடி பாடி, தன் வாலோடு முடித்தது. வான்னெஸ் திருத்த வாயைத் திறந்தான். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.