தொக்கம் எடுத்த ஞாயிறு

முதலில் கண்ணில் பட்டது அவள் கால்கள்தான். பாயில் படுத்திருந்த என் பத்து மாத மகள் யாழினி, திடீரென்று முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிட்டாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே அழுகை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன். சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள் நான். எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தோடு தீர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு, நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா வந்து பார்த்தார். "இது தொக்கந்தானுங்க கண்ணு. இட்லி கிட்லி உள்ள நின்னுருக்கும். சேவூர்ல ஒருத்தரு எடுக்கறாருங்க, கூட்டிட்டுப் போங்க."

சாப்பிட்டது செரிக்காமல் உள்ளே சிக்கிக்கொள்வதைத் தொக்கம் என்பார்கள். என் கணவர், "எதுக்கும் டாக்டர்ட்ட ஒருவாட்டி காட்டிருவோமே" என்றார். "முதல்ல தொக்கம் எடுத்துப் பாப்போம்" என்று சொன்னது நான்தான்.

சேவூர்க்காரர் வயிற்றைத் தடவி, வாயில் ஊதி, விரல் நுனியளவு வெள்ளையாக எதையோ எடுத்துக் காட்டினார். வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. கோபப்படக்கூட வழியில்லாத நல்ல மனிதர். திரும்பி வரும்போது பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டாள். "பாத்தீங்களா" என்று கணவரிடம் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அது தூக்கமில்லை, சோர்வு. அவளுக்கு வந்திருந்த நோயில் வலி விட்டுவிட்டு வரும், நடுவில் குழந்தை துவண்டு கிடக்கும். எனக்கு அது தெரியாது. மாலையில் பச்சையாக வாந்தி எடுத்தபோதும் மிச்சத் தொக்கம் வெளியே வருகிறது என்றுதான் நினைத்தேன். திங்கள் காலை மலத்தில் ஜெல்லிபோல ரத்தம் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நாங்கள் பனியன் கம்பெனி ஆட்கள் என்று தெரிந்ததும், ஸ்கேன் பார்த்த டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "டீ-சர்ட் கையை உள்ளுக்குத் தள்ளுனா மடங்கி நிக்குமில்லீங்க? அப்படிக் குடலுக்குள்ளயே குடல் போயிருச்சுங்க." அதன் பெயர் இன்டஸ்ஸசெப்ஷன் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகி, ரத்த ஓட்டம் தடைபடுவது). நான் தைத்து வரும் துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை செய்பவள். நாள் முழுக்க எத்தனையோ டீ-சர்ட் கைகளை அப்படி வெளியே இழுத்துவிடுகிறேன்.

"நேத்தே வந்திருந்தா, சார்?" என்று கணவர் கேட்டார்.

டாக்டர் ஸ்கேன் தாளை மடக்கி வைத்தார். "சில குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாக் காத்தைச் செலுத்தியே சரி பண்ணிருவோமுங்க. இப்ப ஆபரேஷன்தான்."

கறுத்துப்போன குடலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடம்பின் உறுப்புகள் செயலிழப்பது) வந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை யாழினி போய்விட்டாள். கணவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் இதை எழுதுவது அப்படித்தான். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குழந்தை காலை மடக்கிக்கொண்டு விட்டுவிட்டு அழுதால், பச்சையாக வாந்தி எடுத்தால், துவண்டு போனால், கைவைத்தியத்தை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுகை நின்றுவிட்டதே என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். முன்பெல்லாம் பதினோரு மணி டீ பிரேக்கில், கம்பெனியின் குழந்தைகள் அறைக்கு ஓடி அவளுக்குப் பால் கொடுப்பேன். பால் வற்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் வற்றித்தான் கிடக்கிறது. பதினோரு மணி பெல் அடித்தால் மட்டும் மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. அதைப் பார்க்கும் சூப்பர்வைசர் அக்கா, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து மெத்தென்ற துணியாகப் பார்த்து எடுத்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்.