நெதர்ஷாவுக்காகக் கிள்ளானில் ஒரு குரல்

கிள்ளானில் நான் வாடகைக்குக் குடியேறிய வீட்டில் ஒரே ஒரு விதிதான் இருந்தது. சமையலைப் பற்றியோ, விருந்தாளிகளைப் பற்றியோ வீட்டுக்கார பிலோமினா ஆன்டி ஒன்றும் சொல்லவில்லை. "திங்கக்கெழம காலையில நான் டிவி பார்த்து முடிக்கிற வரைக்கும் ஸ்கோர மட்டும் சொல்லிடாத மா" என்றார். கரூரிலிருந்து கடல் தாண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகாத எனக்கு அது கிரிக்கெட்டாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. "இந்தியா ஜெயிச்சாகூட சொல்ல மாட்டேன் ஆன்டி" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

திங்கள் காலை வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் கஃப்தானுக்கு மேல் நீலமும் மஞ்சளும் பட்டை போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் சாம்பல் நிற வானத்துக்குக் கீழே, சேற்றில், பெரிய பெரிய ஆண்கள் முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். ரக்பி லீக் என்றார். பந்தோடு ஓடி வருபவனை நாலு பேர் மடக்கிக் கீழே தள்ளுகிறார்கள். அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, இன்னொருவன் எடுத்துக்கொண்டு அதே மனிதச் சுவரில் போய் முட்டுகிறான். எனக்குத் தெரிந்த விளையாட்டுகளில் கபடிதான் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். "என்னடா, சாப்பிடலயா நீ?" என்று ஆன்டி திரையிலிருந்த ஒருவனைத் தமிழில் அதட்டினார்.

பத்தொன்பது வயதில் நர்சிங் படிக்க இங்கிலாந்தின் வடக்கே நெதர்ஷா என்ற ஆலை ஊருக்குப் போனவர் அவர். அந்த முதல் குளிர்காலத்தில், வார்டில் கால் உடைந்து கிடந்த ஒரு கிழவர், "யாரை சப்போர்ட் பண்றே?" என்று கேட்டாராம். "எங்கம்மாவையும் ரெண்டு தம்பிங்களையும்" என்று இவர் பதில் சொல்ல, வார்டே சிரித்ததாம். சிரித்து முடித்த கிழவர், ஊர் அணியின் கழுத்துத் துணியை எடுத்து இவர் கழுத்தில் சுற்றிவிட்டார். "அந்த ஊர்ல என்கிட்ட வேற யாரும் எதுவும் கேக்கல மா. எங்கேருந்து வந்தே, எப்பத் திரும்பிப் போவே, அவ்ளோதான். அந்தாளு மட்டும்தான் நீ யார் பக்கம்னு கேட்டாரு." பிறகு பிரசவ நர்சாகி, சில வருடம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கிள்ளானுக்குத் திரும்பினார். அணியை விட்டுவிட்டு வரவில்லை. நேரில் போக முடியாது என்று தெரிந்தும் இன்றுவரை அதன் ஆதரவாளர் சங்கத்தில் உறுப்பினர்.

என் அலுவலகம் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில். ஒரு நாள் கண் டாக்டரைப் பார்க்க அந்தப் பக்கம் வந்த ஆன்டியோடு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்சி போட்டிருந்தார். பக்கத்து மேசையில் ரசத்தோடு போராடிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது வயது இருக்கும்.

"அந்தச் சட்டை எங்கே கிடைத்தது? பழைய துணிக் கடையிலா?"

"நெதர்ஷாவில்" என்றார் ஆன்டி. "உங்கள் பேச்சைக் கேட்டால் கிரேவிக் ஆள் மாதிரி இருக்கிறதே. பாவம்."

ஆங்கிலேயர் கையிலிருந்த அப்பளம் இலையில் விழுந்தது. கிரேவிக், நெதர்ஷாவுக்கு அடுத்த ஊர். நடுவில் ஒரு குன்று. நூறு வருடப் பகை. அவர் இலையோடு எங்கள் மேசைக்கு மாறினார். இருவரும் ஏதோ பழைய ஆட்டத்தின் நடுவரைப் பற்றி வாதாடினார்கள். பிறகு ஒரே நேரத்தில் குரல் தணிந்தது. இரண்டு அணிகளையும் ஒன்றாக்கிவிடப் பேச்சு நடக்கிறதாம். தனித்தனியே இருந்தால் பெரிய லீக்கில் இடமில்லையாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சேர்ந்தா நல்ல டீம் கெடைக்கும்ல?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மோர் புரையேறியது. "ஊர்க்காரப் பொண்ணு, தெரியாம பேசுது" என்று ஆன்டி அவரிடம் தமிழிலேயே சொன்னார். இங்கே பெரியவர்கள் சிலருக்கு 'ஊர்' என்றால் இந்தியா. கிளம்பும்போது அந்த மனிதர் ஆன்டிக்குக் கை கொடுத்து, "உங்கள் அணி என்றைக்கும் தோற்கட்டும்" என்றார். "உங்களுடையதும்" என்றார் ஆன்டி. இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆதரவாளர் சங்கத்தின் இணையக் கூட்டம். சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினியை வைத்துக் கொடுத்தேன். ஆன்டி பேசக் கை தூக்கியதும், நெதர்ஷாக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்கு இதுதான் ஊர். ஊரில் இருப்பவர்கள் முடிவெடுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. கரூரில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், பொங்கல் விளையாட்டு விழாவைப் பற்றி நான் ஏதோ எழுதப்போய், "வெளியூர்ல உக்காந்துட்டு உனக்கெதுக்குக்கா இதெல்லாம்?" என்று பதில் வந்ததிலிருந்து அங்கே நான் வாய் திறப்பதில்லை. ஆன்டியும் மடிக்கணினியை மூடிவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மைக் ஆன் பண்ணு மா" என்றார்.

"நான் உங்கள் ஊரில் பிறக்கவில்லை. அது உண்மை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "ஆனால் உங்கள் ஊரில் பிறந்தவர்களைப் பிறந்த நொடியில் நான் ஏந்தியிருக்கிறேன். இதோ, இந்தக் கையால்." சுருங்கிய இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு நேரே காட்டினார். பிறகு ஷீலா என்ற பெண், "குன்றுத் தெரு ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "நானும் அங்கேதான் பிறந்தேன். பேசுங்கள், சிஸ்டர்" என்றாள்.

"கிரேவிக்கும் நாமும் ஒன்றாகிவிட்டால் நிறைய ஜெயிப்போம். ஆனால் நான் யாரைத் திட்டுவது?"

சிரிப்பு எழுந்தது. குறுக்கிட்டவரும் சிரித்தார்.

இணைப்பு வேண்டாம் என்றே தீர்மானமானது. சொன்னபடியே பெரிய லீக்கில் இடம் போயிற்று. நெதர்ஷா இப்போது கடைசிப் படியில் விளையாடுகிறது. அந்த ஆட்டங்களை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. ஆன்டி கேட்டது கிடைத்தது; பார்க்கக் கிடைத்துக்கொண்டிருந்தது போயிற்று. "வருத்தமா ஆன்டி?" என்றேன். "இருக்கும்லா" என்றார். "ஆனா என் கண்ணுல படலன்னா டீம் இல்லாம போயிடுமா?"

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷீலா மைதானத்திலிருந்து வீடியோவில் அழைத்தாள். அங்கே முற்பகல் ஆட்டம். சிக்னலுக்காகக் கைபேசியோடு வாசல் போர்ச்சுக்கு வந்தோம். படம் அடிக்கடி உறைந்தது. கூச்சல் மட்டும் விடாமல் வந்தது. ஆன்டி இங்கிருந்து கத்தினார்; நானும் சேர்ந்துகொண்டேன். ஷீலா கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அங்கே யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார்.

"கம்போங் சாயா!" என்றார் ஆன்டி. மலாயில் 'என் ஊர்' என்று அர்த்தம்.

எதிர்வீட்டு அக்கா என் பக்கம் திரும்பி, உன் ஊருமா என்று மலாயில் கேட்டார். நான் செருப்புகூடப் போடாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில், "பெலும்" என்றேன். இன்னும் இல்லை என்று அர்த்தம். நெதர்ஷாவையா, கிள்ளானையா, எந்த ஊரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை; அவரும் கேட்கவில்லை. உறைந்த படத்தில் நீலமும் மஞ்சளும் கலங்கி நிற்க, அதற்குள்ளிருந்து மறுபடி கூச்சல் எழுந்தது. நானும் கத்தினேன்.