பிசிறில்லாத பாக்கெட்

நான் சிவகாசியில் லேபிளும் பாக்கெட்டும் அச்சடிக்கிறவன். போலியென்றால் அச்சே பல்லிளித்துவிடும் என்பது எங்கள் தொழில்காரர்களின் திமிர்.

மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கும் அக்கா, ஒரு பருத்தி விதை பாக்கெட்டை நீட்டினாள். "ஏலே, இது அசலான்னு பாத்துச் சொல்லு." லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பிசிறில்லை. "அசல்தான், தைரியமா ஊனுக்கா" என்றேன்.

நல்ல மழை பெய்தும் விதை முளைக்கவில்லை. காலி பாக்கெட்டை எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். மெஷின் ஓட்டுகிறவர் பார்த்ததுமே, "இது நம்ம அடிச்சதுல்லா?" என்றார். ஆர்டர் கொடுத்தவன் விதைக் கம்பெனிக்காரன்தானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நிறம் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வெறும் கரிசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அச்சு அம்புட்டு நல்லாயிருந்தா, பாக்கெட்டையே ஊனச் சொல்லியிருக்கலாமேலே."