மடியேந்தி வாங்கிய சட்டை

அக்காளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஆண்பிள்ளை, நோஞ்சானாகப் பிறந்து கிடந்தது. பால் குடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததற்கு எங்கள் பக்கம் புதுத்துணி போடமாட்டார்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கிற வீடுகளில் மடியேந்திப் பழந்துணி வாங்கி, அதில் தைத்ததைத்தான் முதல் சட்டையாகப் போட வேண்டும். சித்தி என்ற முறையில் அதைத் தைத்துக்கொண்டு வரும்படி, வாடிப்பட்டியிலிருந்து அக்காளின் மாமியார் எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

அது யுத்த காலம். துணிக்குக் கூப்பன். கந்தலைக்கூட யாரும் சும்மா கொடுப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கோ நான் மடியேந்துவது மானக்கேடு.

"நாளைக்கு மில்லுல எவன் மூஞ்சியில நான் முழிக்கிறது?" என்றார்.

"எங்க அக்கா மூஞ்சியில நான் முழிக்கணும்ல?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சிம்மக்கல் பக்கத்துச் சந்துகளில் நடந்தேன். ஒரு வீட்டில் வேட்டிக் கிழிசல், ஒரு வீட்டில் பாவாடைத் துண்டு. ஒருத்தி அடுப்படியில் கைதுடைக்கும் துணியை நீட்டினாள், வயிற்றெரிச்சலோடு வாங்கிக்கொண்டேன். சந்தின் கடைசி வீட்டில் உத்தரத்தில் தொட்டில் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் குரல் கொடுத்தேன். வெளியே வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. கிளம்பிவிடலாமா என்று நான் நினைத்தபோது வந்து, பூப்போட்ட ஒரு சின்னச் சட்டையை என் மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகராசி, நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே வீடு திரும்பினேன்.

அந்தச் சட்டையை வெட்டிச் சிறிதாக்கி உடம்புக்கு வைத்துக்கொண்டேன். மற்ற துணிகளில் கையும் ஓரமும் வைத்துத் தைத்தேன்.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மதினி சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இந்தப் பூத்துணி அந்தக் கடைசி வீட்டுச் சட்டையில்ல? ஏத்தா, அந்தப் புள்ள ஆடியிலயே தவறிருச்சே. தொட்டில அவுக்க விடாம வச்சிருக்கா அவ."

வேறு துணி தேட நேரமில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் சட்டையைப் போட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் இட வேண்டும். ரயிலில் பிளேடை எடுத்து ஒரு தையலைப் பிரித்தேன். பூத்துணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கைகள்தான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது. சொல்லாமல் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? பிரித்ததை மறுபடியும் தைத்தேன். வாடிப்பட்டியில் இறங்கி அக்காள் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலிலேயே அக்காளின் மாமியார் கை நீட்டினாள். "எல்லாம் நல்ல வீடுகதானே?"

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் சட்டையைத் தீயைத் தொட்டவள்போல் கீழே போட்டாள்.

"எடுத்து அடுப்புல போடு. வெறும் உடம்பாக் கெடந்தாலும் கெடக்கட்டும்."

"அதை இங்கிட்டுக் குடுடி" என்றாள் உள்ளே படுத்திருந்த அக்கா. குரலே எழும்பவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, செத்த புள்ளைக துணிய எரிக்கச் சொன்னீகள்ல. நான் எரிக்கல. பெட்டிக்கு அடியில வச்சிருக்கேன். அதுல ஒரு நூலைக்கூட நான் ஒருத்திக்கும் குடுக்கமாட்டேன். அந்தப் புள்ளையப் பெத்தவ குடுத்திருக்கா."

மாமியார் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பிடுங்கத்தான் போகிறாள் என்று நான் குறுக்கே நின்றேன். அவள் என்னை விலக்கிவிட்டுக் குனிந்து, பிள்ளையின் தலையை ஏந்திப் பிடித்தாள். அக்கா சட்டையை மாட்டினாள். பிள்ளையின் விரல்கள் வெளியே தெரியவில்லை.

"கை ரொம்ப நீளமால்ல இருக்கு" என்றாள் மாமியார்.

"இருக்கட்டும் அத்தை" என்றாள் அக்கா. "வளருவான்ல."