கிருமி கொல்கிறவனுக்குக் கிருமி மாத்திரை

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கேன் தண்ணீர் ஆலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். தண்ணீரில் ஒரு கிருமிகூட உயிரோடு வெளியே போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பல் வீக்கத்துக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் விழுங்கியதில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கோவில்பதாகை வீட்டிலிருந்து ஆலைக்கு பஸ் ஏறவே பயமாக இருந்தது. ஆவடியில் டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இதுல இருக்கறது உயிருள்ள பாக்டீரியா. நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்துக் கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. விற்காமல் தேங்கிய சரக்கோ? டாக்டருக்குக் கமிஷனோ?

வீட்டில் ஒரு மாத்திரையைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைத் தூள். முகர்ந்தால் வாசனையே இல்லை. தினம் ஒன்றாகக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் கதவருகே மனைவி நின்றிருந்தாள்.

"இன்னாயா, மாத்திரைய தூக்கிப் போட்டுகினு கீற?"

"தவறி வுழுந்துடுச்சு."

"டெய்லி தவறி வுழுதா? கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

அங்கே நான் நேராகவே கேட்டுவிட்டேன். "இத எழுதினா உங்களுக்கு இன்னா மேடம் கெடைக்குது?"

மனைவி என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரின் முகம் சுருங்கியது. ஆனால் கோபிக்காமல் ஒரு தாளில் படம் போட்டார்.

"குடலோட உள்சுவர் ஒத்த வரிசை செல்தான். செல்லுக்கு நடுவுல இடுக்கு தளர்ந்தா, வேண்டாதது கசிஞ்சு உள்ள போயிடும். நல்ல பாக்டீரியா அந்த இடுக்கை இறுக்கமா வெச்சுக்க உதவும். கெட்டது ஒட்டவும் எடம் குடுக்காது. நீங்க பல்லுக்கு சாப்பிட்ட மருந்து கெட்டதோட நல்லதையும் சேர்த்துக் கொன்னுடுச்சு."

"அப்போ இது சாப்ட்டா கண்டிப்பா சரியாயிடுமா?"

"ஆகலாம். சில பேருக்கு இது இல்லாமலே சரியாகும். கண்டிப்பான்னு சொன்னா அது பொய்."

கண்டிப்பாக என்று சொல்லியிருந்தால் மிச்ச மாத்திரையும் கழிவறைக்குத்தான் போயிருக்கும். அன்று மாலையிலிருந்து மனைவி பார்க்கத் தினம் ஒன்றை விழுங்கினேன். உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இரண்டு நாள் பிரமை. ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. மாத்திரையாலா, தானாகவா, தெரியவில்லை.

"இப்பவாவது நம்புறியா?" என்றாள் மனைவி.

"அந்தம்மாவ நம்புறேன். மாத்திரைய இன்னும் இல்ல."