கயிறு கட்டிய மூன்றாம் நாள்

என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தது குடியை நிறுத்திய பிறகுதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கருப்பரைக் கும்பிடுகிற உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் கயிறு கட்டுகிற விஷயத்தில் நாமெல்லாம் ஒரே மாதிரிதான் நினைக்கிறோம்.

நான் காரைக்குடியில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறேன். அவர் பெயர் முருகேசன். பழைய வீடுகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற வேன் டிரைவர். முதலில் சாயங்காலம் மட்டும்தான் குடித்தார். பிறகு மதியமும். கடைசியில் காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் சாவியைப் பிடிக்கக் கை நிற்கும் என்றாகிவிட்டது. முதலாளி வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்லவேளை, யார் மேலாவது ஏற்றுவதற்கு முன்னால் வாங்கினாரே என்றுதான் நினைத்தேன். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அந்த மனிதருக்கு எல்லாம் ஒன்றுதான்.

வலையபட்டிப் பக்கம் இருக்கிற கருப்பர்தான் எங்கள் குலதெய்வம். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே கையில் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். கட்டிய பிறகு குடித்தால் கருப்பர் சும்மா விடமாட்டார். ரத்தம் கக்கிச் செத்தவன், லாரியில் அடிபட்டவன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். போன ஆடியில் அவராகவே கட்டிக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று பெரிய பூசாரி ஒரு வேலையாகத் தேவகோட்டைக்குப் போயிருந்தார். அவர் தம்பிதான் கட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே நடுக்கம் கூடியது. வேர்த்துக் கொட்டியது. சோறு இறங்கவில்லை. மனுஷன் வைராக்கியமாக இருக்கிறார் என்று எனக்குப் பெருமை வேறு. மறுநாள் அவர் கண்ணை மூடவே இல்லை. பீரோவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்துவிட்டு ஒருவரும் இல்லை என்றேன்.

"இப்பத்தான் அங்குட்டு நகர்ந்தான்," என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

மூன்றாம் நாள் நல்ல வெயில் நேரத்தில் போர்வையிலிருந்து எறும்புகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். அங்கே ஒரு எறும்பும் இல்லை. என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "குதிரை வந்து நிக்கிது. கருப்பர் இறங்கப் போறாரு."

என் மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "குடிச்சிருக்கான் ஆத்தா. நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டுக் குடிச்சிருக்கான். கருப்பர் பிடிச்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிராத, சாமி கோவம் இன்னும் ஏறிப்போகும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல் வரை வந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் கயிறு கட்டியதிலிருந்து நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பிறகு எதற்கு இந்த அடி? எனக்குக் கோபம் வந்தது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். "சொன்ன சொல்லக் காப்பாத்துற ஆளத்தான் அடிப்பியா? நீ அடிக்கலேன்னா யாரையாவது எனக்கு வழி சொல்லச் சொல்லு. இப்பவே சொல்லு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதில் பணிவு கொஞ்சம்கூட இல்லை.

மாமியார் சொன்னபடி விழுந்து மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குத்தான் ஆட்டோவில் கொண்டு போனோம். வழியில் அவர் வெளியே குதிக்கப் பார்த்தார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். உடம்பு கொதித்தது.

பெரிய பூசாரி கோயிலில் இருந்தார். விபூதித் தட்டை எடுத்தவர், இவர் காற்றில் எதையோ பொறுக்குவதைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"கடைசியா எப்பக் குடிச்சாக?"

"கயிறு கட்டுன அன்னைக்குக் காலையில," என்றேன்.

"அதுக்கு முந்தி?"

"தினமும். கண்ணு முழிச்சதும் வேணும்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆத்தா, இது சாமி இல்ல. ஒரேயடியா நிறுத்துனதுல வந்தது. என் மச்சினனுக்கு என் கையாலதான் கயிறு கட்டுனேன். இதே மாதிரிதான் பொறுக்குனான். சாமி கோவம்னு வீட்டுல போட்டு விபூதி பூசிக்கிட்டு இருந்தோம். செத்துப் போனான். அதுலேர்ந்து தினம் குடிக்கிறவுகளை டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லித்தான் கட்டுறேன். நான் இல்லாத நாளாப் பாத்து வந்துட்டீக. நிக்காதீக, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

மாமியார் தயங்கினார். பூசாரி அவரிடம், "சாமி குத்தம்னா நான் ஏத்துக்கிறேன். ஏறுங்க," என்று சொல்லிவிட்டுத் தானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அரசு மருத்துவமனை வாசலில் இறக்கும்போது வலிப்பு வந்தது. பல் கிட்டிக் கண் சொருகிவிட்டது. முடிந்தது என்றே நினைத்தேன். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊசி போட்டார்கள்.

"தினம் குடிச்சுப் பழகின உடம்பும்மா. பக்கத்துல இருந்து பாத்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும். இன்னும் தாமதமா வந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது," என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

குடியை நிறுத்துவதற்கென்றே அங்கே வைத்தியம் உண்டு, வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து பேச ஆளும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். குடிக்கு ஆஸ்பத்திரியா என்று யாராவது அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் தெளிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் அழுதேன். இப்போது குடிப்பதில்லை. டாக்டரிடம் போவதையும் நிறுத்தவில்லை. வேன் திரும்பக் கிடைத்துவிட்டது. பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை. அவர் வீடு திரும்பக் கொஞ்சம் நேரமானாலும் நான் வாசலில் போய் நின்றுவிடுவேன். நான் சண்டை போட்டுக் கேட்டேன், கருப்பர் பூசாரி வாயால் பதில் சொன்னார். அப்படித்தான் நம்புகிறேன். கருப்பருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

உங்கள் வீட்டில் தினம் குடிக்கிறவர் இருந்தால் கயிறு கட்டுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? அதற்கு முன்னால் பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்கள். நிறுத்திய பிறகு நடுக்கம் கூடினால், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால், கோயிலுக்குக்கூட வர வேண்டாம். நேரே அங்கே போங்கள். கருப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலில் இருந்தபோது ஒரு பெண் புருஷனோடு கயிறு கட்ட வந்து நின்றாள். அந்த ஆளின் கை நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார்.

"காலையில குடிச்சீகளா?"

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெக்கப்படாதீக. நானும் அப்படித்தான் இருந்தேன். வண்டி வெளிய நிக்கிது, வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்புறமா வந்து கட்டிக்கிருவோம். நான் கூடவே இருக்கேன்."

அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினேன்.