உரக்கடைப் பல்வைத்தியர்

நெல் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒருமுறை, கையில் நசுக்கி மணந்து ஒருமுறை, ஆக இரண்டே நொடியில் வினாயகமூர்த்தியின் பரிசோதனை முடிந்துவிடும். கொண்டுவந்தவர் எந்த வட்டை வயல், எத்தனை நாள் பயிர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "எனக்குத் தெரியும், நீங்க சொல்லத் தேவையில்ல" என்று கையமர்த்திவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைப்பார். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் இருபத்தாறு வருடமாக உரக்கடை நடத்துகிறார். அவர் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து கேட்டவர் ஊரில் இல்லை. வெள்ளாமை கருகினால் மருந்து அடித்தவன் பிழை. தப்பினால் மருந்து கொடுத்தவரின் கெட்டித்தனம்.

மகள் தக்ஷாயினி இந்தக் கூத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து அலுத்தவள். அவளுக்குப் பிரதேச சபையில் வேலை, கணவன் கட்டாரில். அவளும் எட்டு வயது மகள் விதுர்ஷாவும் அப்பாவோடுதான் இருக்கிறார்கள். பயிருக்கு வைத்தியம் பார்த்தவரையில் அவள் பொறுத்துக்கொண்டாள். மனிதருக்குப் பார்க்கத் தொடங்கியதுதான் வந்த வினை.

அது அவருடைய சொந்தக் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு முன், சூத்தை ஆழமாகி உள்ளே இருக்கும் சதை தெரியத் தொடங்கிவிட்டது. பட்டணத்தில் பல் டொக்டர் முப்லிஹா அதைப் பிடுங்காமல், சுத்தம் செய்து, சதை தெரிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மருந்து வைத்து அடைத்துவிட்டார். பல் பிழைத்தது. பிழைத்த பல்லோடு மனுசன் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். "இது என்ன மருந்து டொக்டர்?" என்று கேட்டார். "சுண்ணாம்பு இனந்தான் ஐயா" என்று அந்தப் பிள்ளையும் வெள்ளை மனதோடு சொல்லிவிட்டது.

போதாதா! அடுத்த கிழமையே வீட்டிலிருந்த வெற்றிலை வட்டா சுண்ணாம்புச் சிமிழோடு கடைக்கு வந்து, கிருமிநாசினிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எவர் வந்தாலும், "ஆ காட்டுங்க" என்று சொல்லிப் பருப்பளவு சுண்ணாம்பை ஈர்க்கில் எடுத்து உள்ளே அப்பிவிடுவார். "டொக்டர்மாரும் இதத்தான் வெக்கிறாங்க. பேர மாத்திச் சொல்லுறாங்க, அவ்வளவுதான்." வாய் வெந்தவர்கள் வேறு கடைக்கு மாறினார்கள். சிலருக்கு நரம்பு செத்து வலி நின்றது. அதையெல்லாம் அவர் சுகமாக்கிய கணக்கில் சேர்த்துக்கொண்டார். பிறகு அவர்களின் கன்னம் வீங்கியபோது அவர்கள் பட்டணத்தில் டொக்டரின் வாசல் வாங்கில் குந்தியிருந்தார்கள், இவர் கடையில் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

போன மாசியில் விதுர்ஷா கடைக்கு முன்னால் சைக்கிளோடு விழுந்தாள். முளைத்து ஒரு வருடமேயான மேல் முன்பல்லில் பாதியைக் காணோம். மிச்சத்தின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. தக்ஷாயினி சபைக் கந்தோரிலிருந்து ஓடி வந்தபோது பிள்ளையின் உதடு வெளுத்து வீங்கியிருந்தது.

"என்னப்பா வெச்சீங்க?"

"ஒண்டுமில்ல மகள். தண்ணி விட்டுக் கழுவின, அவ்வளவுதான்."

விரலில் வெள்ளை ஒட்டியிருக்க, முகத்தைப் பார்த்துச் சொன்னார்! அவள் பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினாள். கூப்பிடாமலே அவரும் ஏறிக்கொண்டார். மண்முனைப் பாலம் தாண்டிப் பட்டணத்தில் டொக்டர் முப்லிஹாவிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

டொக்டர் விளக்கைத் திருப்பினார், பார்த்தார், நிமிர்ந்தார். "ஆரு இதில சுண்ணாம்பு வெச்ச?"

வினாயகமூர்த்தி சுவரில் இருந்த பிரஷால் பல் தீட்டும் படத்தை ஆராயத் தொடங்கினார். பிள்ளை விரலை நீட்டி அவரைக் காட்டியது.

"ஐயா, அது வெத்திலைக்குப் போடுற சாமான். நாங்க வெக்கிறது கிருமியில்லாத மருந்து. அதையும் சும்மா அப்பினா சரிவராது. எச்சில் போகாம இறுக்கி அடைக்கணும். அப்பதான் பல்லு தன்ட பாட்டில உள்ளுக்கு ஒரு சுவர் கட்டும்." பிறகு தக்ஷாயினியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தங்கச்சி, இந்தப் பல்லுட வேர் இன்னம் வளந்து முடியல்ல. நரம்பு செத்தா வேரும் அப்படியே நிண்டுரும். பிறகு பல்லு கனகாலம் நிக்காது."

பல்லுக்குள் வெந்த சதையை மட்டும் நகக்கண் அளவுக்குச் சீவி எடுத்து, ஈரப் பஞ்சால் ஒற்றி இரத்தம் நிற்கும்வரை காத்திருந்து, மருந்து வைத்து அடைத்தார். "மூணு மாசம் பாப்பம். சத்தியம் பண்ணமாட்டன்."

அந்த மூன்று மாதமும் தக்ஷாயினிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சிரிக்கும்போதெல்லாம் அந்தப் பல்லையே பார்த்தாள், நிறம் மாறுகிறதா என்று. கடையில் பல் பற்றிய பேச்சே இல்லை. அப்பாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நம்பினாள். பாவி, நம்பினாளே!

மூன்றாம் மாதம் டொக்டர் பஞ்சைக் குளிராக்கி எடுத்தார். "கூசினா கையத் தூக்குங்க, செல்லம்." பக்கத்துப் பல்லில் வைத்ததும் கை உயர்ந்தது. உடைந்த பல்லில் வைத்தார். கை அசையவில்லை. மீண்டும் வைத்தார். தக்ஷாயினிக்கு அப்பாவைக் கொல்லலாம் போல இருந்தது. டொக்டர் பஞ்சை மாற்றி மூன்றாம் முறை வைத்தார்.

"ஆ! கூசுது!"

பிள்ளையின் இரண்டு கைகளும் மேலே போயின. தக்ஷாயினி வெட்கம் பாராமல் விம்மி அழுதாள். டொக்டர் எக்ஸ்ரேயைத் தாளில் அச்செடுத்துக் காட்டினார். வேர் நீண்டிருந்தது. மருந்தை ஒட்டி உள்ளே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு. "இதுதான் அது கட்டின சுவர்."

அவளுக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வினாயகமூர்த்தி தாளை வாங்கினார். வெளி வாங்கில் அதை விரித்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டொக்டரின் பெயர் அச்சடித்திருந்த தலைப்பை இடது கையால் கவனமாக மூடிக்கொண்டு, ஒரு படம் எடுத்தார்.